புல் மேய வாங்கிய அல்பாக்காவும் அம்மாவின் தக்கிளியும்

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் ஒரு காலத்தில் 22 மூட்டை ரோமம் தொங்கிக்கொண்டிருந்தது. குப்பை கட்டும் பெரிய கறுப்புப் பை இருக்கிறதே, அதில் திணித்து, மேலே நிறமும் வருஷமும் எழுதி, எலி புகாமல் இருக்க உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தோம். வீட்டுக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு "என்ன, பஞ்சு வியாபாரமா?" என்று கேட்டால் வீட்டுக்காரர் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். இரண்டு பேரிடமும் பதில் கிடையாது.

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில், பாலரட் நகரத்துக்குக் கொஞ்சம் வெளியே. மெல்போர்னிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். 5 ஏக்கர் இடம். ஊரில் அஞ்சு ஏக்கர் என்றால் கிணறு, நாலு தென்னை, சோளக்காடு என்று கண்ணுக்கு ஏதாவது தெரியும். இங்கே வெறும் புல். மழை முடிந்து வெயில் தலைகாட்டினால் முழங்காலைத் தாண்டி வளரும், வெட்டாமல் விட்டால் கோடையில் தீப் பிடித்துவிடும் என்று கடிதம் வரும். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வாங்கலாமா என்று விலை விசாரித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான், வயதாகிவிட்டதால் பண்ணையை விற்றுக்கொண்டிருந்த ஒரு தம்பதி "அல்பாக்கா வாங்கிக்கொள்ளுங்களேன், தானே மேய்ந்துகொள்ளும்" என்றார்கள். ஒன்று போதும் என்றேன். ஒன்றாகக் கொடுக்க மாட்டார்களாம், தனியாக விட்டால் ஏங்கியே செத்துப்போகும், குறைந்தபட்சம் மூன்று வேண்டும் என்றார்கள். 2019 பிப்ரவரியில் காயடித்த ஆண் இரண்டு, பெண் ஒன்று வந்து இறங்கின. பெண் சினை. அதைச் சொல்லித்தான் கொடுத்தார்கள், நாங்கள்தான் அதன் அர்த்தம் புரியாமல் தலையாட்டினோம்.

புல் வெட்டுவதற்காக அல்பாக்கா வாங்குவதைப் போல ஒரு முட்டாள்தனம் கிடையாது. ஏன் என்று கீழே வரும்.

பிள்ளைகள் ஏதேதோ கார்ட்டூன் பெயர் வைத்தார்கள். அம்மா வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு ஒரே நிமிஷத்தில் மாற்றிவிட்டாள். அம்மாவுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம், காங்கேயம் மாட்டோடு வளர்ந்தவள். மாட்டுக்கு நிறத்தை வைத்துத்தான் பெயர். கறுப்பு, காரி. பழுப்பு, செவலை. சாம்பல் நிறப் பெண், மயிலை. ஆறு வயசுப் பையனுக்குக்கூட அன்றைக்கே வாயில் ஏறிவிட்டது.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். அல்பாக்கா ஒட்டகத்துக்குச் சொந்தம், ஆனால் திமில் இல்லை, உயரம் முதுகு வரைக்கும் ஒரு மீட்டருக்குள்தான், எடை அறுபது எழுபது கிலோ. பெருவிலும் பொலிவியாவிலும் ஆண்டிஸ் மலைமேல் பல ஆயிரம் வருஷமாக வளர்க்கிறார்கள், அங்கே விக்குன்யா என்று ஒரு காட்டு விலங்கு இருக்கிறது, அதைப் பழக்கித்தான் இது வந்தது. மேல்தாடையில் முன்பல் கிடையாது. காலில் குளம்புக்குப் பதில் இரண்டு விரலும் மெத்தென்ற பாதமும், அதனால் ஈர நிலத்தில் மாடு மிதித்த மாதிரி சேறாக்காது. நாள் முழுக்க "ம்ம்ம்" என்று மூக்கால் முனகிக்கொண்டே இருக்கும். ராத்திரி ஜன்னலைத் திறந்தால் யாரோ கோயில் மண்டபத்தில் சுருதி சேர்க்கிற மாதிரி இருக்கும். துப்புமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். துப்பும், பெரும்பாலும் ஒன்றன் மேல் ஒன்று, தீவனத் தொட்டியில் சண்டை வந்தால். நடுவில் நாம் நின்றால் நமக்கு. அசை போட்ட பச்சைக் குழம்பு அது. தலைக்கு இரண்டு முறை ஷாம்பு போட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது அவற்றின் கக்கூஸ் ஒழுக்கம். மூன்றும் ஒரே இடத்தில்தான் போகும், வரிசையில் நின்றுகூடப் போகும். ஆட்டுப் புழுக்கையைப் போலவே இருக்கும், கொஞ்சம் பெரிது. மட்க வைக்காமல் நேராகச் செடிக்குப் போடலாம், வேரைச் சுடாது. மகன் அதை அள்ளிப் பையில் கட்டி, ரோட்டோரக் கேட்டில் ஒரு பெட்டியும் உண்டியலும் வைத்து, பை 3 டாலர் என்று விற்றான். இந்தக் குடும்பத்தில் அல்பாக்காவால் லாபம் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

மயிலை அந்த அக்டோபரில் குட்டி போட்டது. சினைக்காலம் பதினொன்றரை மாதம், சில சமயம் பன்னிரண்டும் ஆகும், ஒரே ஒரு குட்டிதான். நல்ல காரியம் ஒன்று, பெரும்பாலும் பகலில்தான் போடும். மலைக்குளிரில் ராத்திரி பிறந்தால் ஈரக் குட்டி விறைத்துவிடும் என்பதால் அப்படிப் பழகியிருக்கிறது என்பார்கள். எங்களுக்குக் காலை பத்தரை. ஊரில் விடிகாலை அஞ்சு மணி. அம்மா கோலமாவுக் கையோடு போனை எடுத்தாள். இங்கே மயிலை நின்றபடி குட்டியைக் கீழே போட்டுவிட்டு, குனிந்து முகர்ந்து, முனகி, அவ்வளவுதான்.

"நக்கச் சொல்லு அம்மிணி, ஏன் நக்காம நிக்குது?" என்று அம்மா அங்கிருந்து கத்துகிறாள். மாடு கன்று போட்டால் நக்கி நக்கியே காய வைத்துவிடும், அதைத்தான் அம்மா ஆயுசு முழுக்கப் பார்த்திருக்கிறாள். அல்பாக்கா நக்காது. நாக்கு அப்படி வெளியே நீளாது, ஒட்டக ஜாதிக்கே அப்படித்தான். இது எனக்கு அப்போது தெரியாது. அம்மா சொன்னாளே என்று ஒரு பழைய துண்டை எடுத்துக்கொண்டு ஓடித் துடைக்கப் போக, மயிலை முதல்முறையாக என் மேல் துப்பியது. குட்டி தானாக வெயிலில் காய்ந்து, ஒரு மணி நேரத்தில் நாலு கம்பை நட்ட மாதிரி எழுந்து நின்று, தப்பான இடமெல்லாம் முட்டிவிட்டு, கடைசியில் மடியைக் கண்டுபிடித்தது. "சீம்பால் உள்ள போச்சா? நஞ்சுக்கொடி விழுந்துச்சா?" அம்மாவுக்கு இந்த இரண்டு பதிலும் கிடைத்த பிறகுதான் அந்தக் காலைக்குக் காபி. பெண் குட்டி, 6 கிலோ 400 கிராம். சிட்டு என்று பெயர்.

சரி, இப்போது புல்வெட்டிக் கதை.

2020-ல் கோடை முடிகிற சமயம். புல் குட்டையாகிவிட்டது, நாங்கள் பெருமையாகப் படம் எடுத்து அனுப்பினோம், பார், கோல்ப் மைதானம் மாதிரி என்று. இரண்டு வாரத்தில் காரியின் தலை லேசாக ஆடத் தொடங்கியது. முதலில் ஈயை விரட்டுகிறது என்று நினைத்தோம். பிறகு நடக்கும்போது பின்னங்கால் பின்னிக்கொண்டு விழுந்தது. கால்நடை மருத்துவர் வந்து காரியைப் பார்ப்பதற்கு முன்பு கீழே புல்லைத்தான் பார்த்தார். ரை புல். அதற்குள்ளேயே ஒரு பூஞ்சை குடியிருக்கிறது, புல்லைப் பூச்சியிடமிருந்து காப்பாற்றுவது அதுதான், அதே பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு மேய்கிற பிராணியின் நரம்பைத் தாக்கும். நஞ்சு அதிகம் தங்குவது புல்லின் அடித்தண்டில். அதாவது ஒட்ட மேய விட்டால் விஷத்தைத் தேடித் தின்னச் சொல்வது போல. அல்பாக்காவுக்கு இது ஆட்டைவிடச் சீக்கிரம் பிடிக்கும். மருந்து என்று ஒன்றும் கிடையாது, அந்தப் புல்லிலிருந்து பிரித்து, வைக்கோல், குதிரைமசால் என்று வாங்கிப் போட வேண்டும். புல்லைக் குறைக்க வாங்கிய பிராணிக்கு மூன்று மாதம் தீவனம் விலைக்கு வாங்கினோம். புல்வெட்டியும் அந்த வருஷமே வாங்கிவிட்டோம்.

காரி தேறிவிட்டது, ஆனால் பதற்றம் வந்தால் இன்றைக்கும் தலை மெல்ல ஆடும். தஞ்சாவூர்ப் பொம்மை என்பான் மகன். குளிர்காலத்திலும் காரிக்குத்தான் கூடுதல் கவனிப்பு. இந்தப் பக்கம் ஜூன், ஜூலையில் சூரியனே வராது, கறுத்த தோலும் அடர்ந்த ரோமமும் இருந்தால் வைட்டமின் டி சுத்தமாக இறங்கிவிடும், ஊசி போட வேண்டும். ஆண்டிஸ் உச்சி வெயிலுக்கு ஏற்ற உடம்பு, பாலரட் மூட்டத்தில் என்ன செய்யும்.

இவ்வளவு தூரம் இதை யார் கொண்டுவந்தார்கள் என்று தேடிப் படித்ததில் சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேயர் கிடைத்தார். பெருவிலிருந்து அல்பாக்காவை வெளியே கொண்டுபோகத் தடை இருந்த காலத்தில் மலை மலையாக ஓட்டிக்கொண்டுபோய் 1858-ல் 250-க்கும் மேற்பட்டவற்றைச் சிட்னியில் கொண்டுவந்து இறக்கினார். தொழில் எடுபடவில்லை, சில வருஷத்தில் மந்தை கலைந்துபோனது. இப்போது இங்கே இருக்கிற அல்பாக்காக்களின் கதை 1980-களின் கடைசியில்தான் மறுபடி தொடங்குகிறது. லெட்ஜர் பெயர் வேறு ஒரு விஷயத்தில் நின்றது. கொய்னா அதிகம் உள்ள சின்கோனா மர விதையை வாங்கி டச்சுக்காரர்களுக்கு விற்றவர் அவர்தான், அது ஜாவாவில் வளர்ந்து உலகத்துக்கே மலேரியா மருந்து கொடுத்தது. நம் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வைத்த சின்கோனா அதற்கும் முன்னால், வேறு ஆட்கள் கொண்டுவந்தது. லெட்ஜருக்கு விதை பொறுக்கிக் கொடுத்த மானுவல் இன்க்ரா மமானி என்ற பழங்குடி மனிதர் அதற்காகச் சிறையில் பட்ட அடியால் செத்துப்போனார். அவரைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் எங்கேயும் நான் பார்க்கவில்லை.

இப்போது ரோமம்.

வருஷம் ஒருமுறை, நவம்பரில், கோடைக்கு முன்னால் கத்தரித்தே ஆக வேண்டும். தானாக உதிராது, விட்டால் வெப்பத்தில் சுருண்டு விழும். (வெயில் நாளில் தண்ணீர் பீய்ச்சினால் வயிற்றிலும் காலிலும் மட்டும்தான் பீய்ச்ச வேண்டும், முதுகை நனைத்தால் ஈரக் கம்பளி போர்த்திய கதை.) முதல் நாள் ராத்திரியே கொட்டகையில் அடைத்துவிடுவோம், பனியில் நனைந்தால் கத்தரிக்க முடியாது. கத்தரிப்பவர் ஊர் ஊராகப் போகிறவர். தரையில் பாய் விரித்து, முன்னங்காலுக்கு ஒரு கயிறு, பின்னங்காலுக்கு ஒரு கயிறு, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி அல்பாக்காவை நீட்டிப் படுக்க வைப்பார். பார்க்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் அசையாமல் இருந்தால்தான் தோலில் வெட்டு படாது. மகள் தலையைப் பிடித்துக்கொள்வாள். மூக்கின் மேல் ஒரு பழைய சாக்ஸ், துப்பினால் அதற்குள்ளேயே போகட்டும் என்று. சிட்டு அந்தச் சாக்ஸுக்குள்ளிருந்து போடுகிற கூச்சல் பக்கத்துப் பண்ணை வரை கேட்கும். வயிற்றோரம் தொடங்கி முதுகெலும்பு வரை மெஷின் போகும், புரட்டிப் போட்டு மறுபக்கம். முதுகு ரோமம் ஒரே போர்வையாகக் கழன்று வரும். வெளிப்பக்கம் மண்ணும் சருகுமாக அழுக்கு, உட்பக்கத்தைத் திருப்பினால், செவலையினுடையது கருப்பட்டிப் பாகு மாதிரி மினுங்கும். அந்த ஒரு நொடிக்காகவே நான் வருஷா வருஷம் பக்கத்தில் நிற்கிறேன். பத்து நிமிஷத்தில் பல்லும் நகமும் சேர்த்து வெட்டி, அவிழ்த்துவிட்டால் எழுந்து நிற்கிறது ஒரு ஒட்டடைக்கம்பு. மற்றவை வந்து இது யார் என்று முகர்ந்து பார்க்கும்.

முதுகு தனி மூட்டை, கழுத்து தனி. கால், வயிறு உரத்துக்கு. மூன்று வருஷத்தில் 22 மூட்டை சேர்ந்தது அப்படித்தான். நூற்றுத் தரும் மில் ஒன்றில் கேட்டோம். ஒரே நிறத்தில், ஒரே தரத்தில் இத்தனை கிலோவாவது வேண்டும் என்றார்கள், நாலு பிராணி நாலு நிறத்தில் வைத்திருப்பவர்களுக்கு அது நடக்கிற காரியமில்லை. மாதிரி அனுப்பித் தடிமன் பார்த்தோம். செவலை 23 மைக்ரான், பரவாயில்லை. காரி 31. முப்பதைத் தாண்டினால் கழுத்தில் குத்தும். கடையில் "பேபி அல்பாக்கா" என்று எழுதியிருப்பது குட்டியின் ரோமம் இல்லை, தெரியுமோ? மெல்லிசான ரகத்துக்கு அந்தப் பெயர், கிழட்டு அல்பாக்காவிலிருந்தும் வரலாம்.

நானே ஒரு மூட்டையைக் கழுவினேன். சமையலறைத் தொட்டியில் வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, அப்புறம் புடவை கசக்குகிற மாதிரி நன்றாகக் கசக்கி, குளிர்ந்த தண்ணீரில் அலசி எடுத்தேன். வெளியே வந்தது தோசைக்கல் கனத்துக்கு ஒரு கம்பளித் தட்டு. அதைப் பிரிக்க யாராலும் முடியாது. சூடும் தேய்ப்பும் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டுவிடும். வலைப்பையில் போட்டு, வெந்நீரில் அமிழ்த்தி, தொடாமல் இருபது நிமிஷம் விட்டு, அதே சூட்டில் இன்னொரு தண்ணீர், அவ்வளவுதான். ஆட்டு ரோமம் போல இதில் எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது, மண்தான். முதல் தண்ணீர் கடைத் தேநீர் நிறத்தில் வரும். என் தட்டை மகள் வெட்டிக் காலணிக்குள் போடும் உறையாக்கினாள். தவறில் ஆரம்பித்த அவள் இன்றைக்குச் சோப்புக்கட்டியைச் சுற்றிக் கம்பளி உறை செய்து சந்தையில் விற்கிறாள்.

2022 ஜூனில் அம்மா வந்தாள். வந்த மூன்றாம் நாள் கொட்டகையைப் பார்த்தாள். "இத்தனை மயிரையும் வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?" (நான்தான் ரோமம் ரோமம் என்று நாகரிகமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.) நூற்கத் தெரியவில்லை என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. சாயந்தரம் மாப்பிள்ளையிடம் போய், "ஒரு கம்பி வேணுங்க, இத்தனை நீளம், கீழ ஒரு வட்டத் தகடு" என்றாள்.

தக்கிளி, கையால் சுழற்றி நூல் நூற்கிற கதிர். அம்மா படித்த பள்ளியில் எல்லோரும் நூற்க வேண்டும். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-ல் தொடங்கிய காந்தி ஆசிரமம் இருக்கிறது, அந்த வட்டாரமே நூலும் கதருமாக இருந்த ஊர். நான் கேட்காமலே கதை வரும், கண்ணில் நீர் வரும் என்று நினைத்தேன். வந்தது வசவு. "வாரத்துக்கு இத்தனை சிட்டம் நூல்னு கணக்கு. குறைஞ்சா வெயில்ல நிறுத்துவாரு வாத்தியாரு. அந்தச் சனியனை இனிமேத் தொடவே கூடாதுன்னுதான் பள்ளிக்கூடத்தை விட்டேன்."

வீட்டுக்காரர் ஒரு அலுமினியப் பின்னல் ஊசியில் பித்தளை வாஷர் ஒன்றைக் கோத்து, நுனியை வளைத்துக் கொக்கி செய்து கொடுத்தார். அம்மா கொட்டாங்குச்சி கேட்டாள், கிடைக்காததால் சாம்பார்க் கிண்ணத்தில் ஊசி முனையை நிறுத்தினாள். சாமி படத்துக்கு முன்னால் இருந்த திருநீற்றை விரலில் தொட்டுக்கொண்டாள், வழுக்காமல் இருக்க. ஒரு சுண்டு. சுற்றியது. அறுபது வருஷம் கழித்து, முதல் சுண்டிலேயே.

ஆனால் நூல் வரவில்லை. இழுக்கிறாள், திரி அசையவே மாட்டேன் என்கிறது. பருத்தி இழை ஒரு அங்குலம், அம்மாவின் இரண்டு கைக்கும் நடுவே அந்த ஒரு அங்குல இடைவெளிதான் பழக்கம். அல்பாக்கா இழை ஒரு வருஷ வளர்ச்சி, நாலு அங்குலம். ஒரே இழையின் இரண்டு முனையையும் அவளே பிடித்துக்கொண்டு இழுத்தால் எப்படி வரும்? கையை அகற்றிப் பிடித்தாள், இப்போது வழுக்கிக்கொண்டு வந்து அறுந்து விழுந்தது. மறுபடி. மறுபடி. மூன்றாம் நாள் "கனம் பத்தல" என்று இன்னொரு வாஷர் போடச் சொன்னாள். அதன் பிறகு பிடித்துக்கொண்டது. பருத்திக்குக் கொடுக்கிற இறுக்கமான முறுக்கையே இதற்கும் கொடுத்தாள். அது தற்செயலாகச் சரியாகப் போய்விட்டது, ஏனென்றால் ஆட்டு ரோமம் போலச் சுருளும் பிசுக்கும் இல்லாத இந்த வழுவழுப்பான இழை, முறுக்கு குறைந்தால் உருவிக்கொண்டு போய்விடும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வீடு ஒரு சின்ன ஆலை. கம்பி வலை மேல் ரோமத்தை விரித்து அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி நானும் மகனும் முள்ளும் புல்விதையும் பொறுக்குவோம். சீப்பு உருளையைச் சுற்றித் திரி போடுவது வீட்டுக்காரர், அலுவலக மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டுச் சுற்றிக்கொண்டிருப்பார். அம்மா நூற்பாள், இரட்டைப் புரியாக முறுக்கிச் சிட்டம் கட்டுவாள். பின்னுவது நான். முதலில் வீட்டுக்காரருக்கு ஸ்வெட்டர் பின்னினேன், போட்டு ஒரு வாரத்தில் அது தொடை வரை இறங்கிவிட்டது. அல்பாக்கா நூலுக்குக் கனம் உண்டு, சுருங்கி நிற்கிற குணம் இல்லை. இப்போது மூன்றில் ஒரு பங்கு மெரினோ ஆட்டு ரோமம் கலக்கிறோம். பாலரட்டில் மெரினோவுக்கா பஞ்சம்.

ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டியில் வளர்க்கலாமா என்று வாரம் ஒருவராவது கேட்கிறீர்கள். வேண்டாம். கம்பளி மேல்தான் ஆசை என்றால் ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் ஆட்டு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, நீலகிரி ஆடு மெல்லிய ரோமத்துக்குப் பேர்போன ஜாதி. அதைப் போய்ப் பாருங்கள்.

அம்மா ஆறு மாதத்தில் மூன்று தொப்பி, ஒரு சால்வை, தனக்கு ஒரு ஜோடி முழங்கால் உறை அளவுக்கு நூல் நூற்றாள். முழங்கால் உறை காரியின் ரோமம். குத்தாதா என்றேன். "குத்துனாத்தான் போட்டிருக்கறது தெரியும்."

தக்கிளியை அவள் எடுத்துப்போகவில்லை, பாதி நூலோடு கிண்ணத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். ஒரு வருஷம் யாரும் தொடவில்லை. போன குளிர்காலத்தில் மகள் அதிலேயே ஒட்டு வைத்து நூற்கத் தொடங்கினாள். கதிரில் அம்மாவின் நூல் முடிகிற இடம் தடவினாலே தெரியும், அதற்கு மேல் பட்டாணி பட்டாணியாக முடிச்சு. கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினோம். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது நூலா அம்மிணி, மாட்டுக்கயிறா?" என்றாள். அப்புறம், "காரி கழுத்து மூட்டை மூணு மிச்சம் இருக்கும் பாரு, அதை எடுத்துக் குடு அவளுக்கு. நல்லதைக் குடுத்து வீணாக்காத."